விடியலில் மேற்கே, அந்தியில் கிழக்கே

கள்ளிடைக்குறிச்சியில் என் கணவரின் பெரியப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் அங்கே மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்குவது, பகலில் காரை எடுத்துக்கொண்டு சுற்றுவது என்று கோயம்புத்தூரிலேயே முடிவு செய்துவிட்டோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் அண்ணன், மதினி என ஆறு பேர். வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் திருநெல்வேலிச் சீமையில் எனக்குத் தெரியாத சாலையா என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு முதல் நாள் சாயங்காலமே கலைந்தது.

அம்மா வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு நாலரை மணிக்குக் கிளம்பினோம். நடுக்கல்லூர் வழியை விட்டுவிட்டு ஆற்றின் தென்கரைச் சாலையைப் பிடித்தேன்: மேலப்பாளையம், முன்னீர்ப்பள்ளம், கோபாலசமுத்திரம், மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி. வயலும் குளமும் மாறி மாறி வரும் பாதை. சின்ன வயதில் பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தது. பிள்ளைகளுக்குப் பொதிகை மலையைக் காட்டப் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் கோபாலசமுத்திரம் தாண்டியதும் சூரியன் நேராக முகத்துக்கு வந்துவிட்டது. முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசி முழுவதும் பளபளக்க, எதிரே வந்த சைக்கிளும் ஆட்டுமந்தையும் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தன. மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும்தான். மகள், "மலை எங்கே அம்மா?" என்று இரண்டு முறை கேட்டாள். சேரன்மகாதேவியில் வண்டியை ஓரங்கட்டி, வெயில் இறங்கும் வரை காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் மலை மேற்கே, கடல் கிழக்கே. பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது வெயில் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதைத்தான். விடிந்ததும் மேற்கே போனால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மலையின் ஒவ்வொரு மடிப்பும், பாறையும், புல்வெளியும் தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் உச்சியில் மேகம் கூடத் தொடங்கிவிடும். சாயங்காலம் அதே மலை வெறும் நிழல். அப்போது கிழக்கே பார்த்து வண்டியை விட வேண்டும். வயலும் பனையும் கோயில் கோபுரமும் மஞ்சள் வெயிலில் முகம் காட்டும் நேரம் அது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. தோப்புக்குப் போகும் வழி கணவருக்குத் தெரியும். ஆனாலும் இருட்டத் தொடங்கியதால் கைப்பேசி வரைபடம் காட்டிய குறுக்கு வழியில் திரும்பினேன். அது கன்னடியன் கால்வாயின் பக்கத்தில் போகும் ஒரு மண் பாதை. இடப்பக்கம் நிறையத் தண்ணீர், வலப்பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே வயல். அரைக் கிலோமீட்டர் போயிருப்போம், எதிரே டிராக்டர். பின்னால் எடுக்க முயன்றபோது வலது பின்சக்கரம் வயல் பக்கமாகச் சரிந்தது. பிள்ளைகளை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு மதினி நடுப்பாதையில் நின்றதும், தண்ணீர்ச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டதும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. டிராக்டர் ஓட்டி வந்த தம்பியும் மடை பார்க்க வந்த மூன்று பேருமாகத் தள்ளி ஏற்றிவிட்டார்கள்.

அந்தத் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, வரைபடத்தில் கோடு இருந்தால் பாதை என்று வந்துவிடாதீர்கள். இந்த வழியாக மினிபஸ் போகுமா என்று கேளுங்கள். மினிபஸ் போகிற பாதையில் உங்கள் கார் கண்ணை மூடிக்கொண்டு போகும்."

அதன்பிறகு நான்கு நாளும் டீக்கடையில் நாங்கள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். "வழி நன்றாக இருக்குமா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், பைக்கில் போகிறவருக்கு எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும். "மினிபஸ் ஓடுகிறதா?" என்று கேட்டால் பதில் கச்சிதமாக வந்துவிடும். கால்வாய்க்கரைகள் அழகானவை, சந்தேகமில்லை. காரை ஊரில் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்க்க வேண்டிய அழகு அவை.

தங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு நண்பரின் மாந்தோப்பைத்தான் முதலில் பேசி வைத்திருந்தோம். பெரிய மாமா, அதாவது கணவரின் பெரியப்பா, ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அடிவாரத் தோப்புகளில் பன்றி இறங்கும், கரடி வரும், சில நேரம் யானையே வரும். அங்கே துணிக்கூடாரத்தில் பிள்ளைகளைப் படுக்க வைப்பதா என்றார். மலைக்குள் தங்குவது பற்றிப் பேச்சே இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நாமாகக் கூடாரம் போட அனுமதி கிடையாது. ஆற்றங்கரை மணல்மேடும் வேண்டாம் என்பது அவருடைய அடுத்த கட்டளை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படி வந்தது என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். மேலே மழை பெய்தாலோ அணையில் திறந்துவிட்டாலோ கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

ஆக, கள்ளிடைக்குறிச்சித் தோப்பு. அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவில் நிழலாகப் பார்த்துக் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தோம். பெரிய மாமா வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "மருமகளே, மட்டை எப்போது விழும் என்று அந்த மரத்துக்கே தெரியாது. களத்துக்குப் போங்கள்" என்றார். தோப்பின் ஓரத்தில் கதிரடிக்கிற சிமெண்ட் களம். திறந்த வெளி, சுத்தமான தரை, பாம்பு பூச்சி வந்தால் தெரியும். முளைக்குச்சி இறங்காது என்பதால் கயிறுகளைச் செங்கல்லில் கட்டி மேலே மணல் மூட்டை வைத்தோம். தைப் பனி கடுமையானது. முதல் இரவு மேலே தார்ப்பாய் கட்டாமல் படுத்துவிட்டு, விடிவதற்குள் போர்வை நுனியெல்லாம் ஈரமாகி எழுந்தோம். சமையலையும் களத்திலேயே வைத்துக்கொண்டோம். ஓலையும் சருகும் கிடக்கிற தோப்புக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. மதினி அன்றாடம் ஒரு வேளை கூட்டாஞ்சோறு வைத்தாள். ஒரே பானை, இருக்கிற காயெல்லாம் உள்ளே, பருப்பும் அரிசியும் முருங்கைக்கீரையும், கடைசியில் தேங்காய் அரைத்துவிட்டு வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. வெளியில் தங்குபவர்களுக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு என்று தோன்றும்.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி தாண்டிவிடும். ஆற்றுப் பாலத்தைக் கடந்து அம்பாசமுத்திரம், அங்கிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம், மத்தளம்பாறை, தென்காசி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற பெரிய சாலை இருக்கிறது, வேகமாகப் போகலாம். ஆனால் அதை விரிவாக்க மரங்களை வெட்டிய பிறகு நிழல் என்று எதுவும் அங்கே மிச்சமில்லை, அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அம்பாசமுத்திரம், கடையம் பாதை மலையோடு ஒட்டியே போகிறது. பிசானப் பருவத்து நெற்பயிர் பச்சை கட்டி நிற்கும் காலம். வயலுக்கு அப்பால் வாழை, வாழைக்கு அப்பால் தென்னை, அதற்கு மேல் மலை எழுந்து நிற்கிறது. வெயில் முதலில் உச்சியில் விழுந்து, நாங்கள் போகப் போகக் கீழே இறங்கி வந்தது. ஆழ்வார்குறிச்சி வரும்போது பாதி மலை பொன்னிறம், பாதி இன்னும் நீலம். மகள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே காட்டிக்கொண்டு வந்தாள்.

வடக்கே போகும்போது மலை இடப்பக்கம் வரும். நம் நாட்டில் ஓரங்கட்டுவதும் இடப்பக்கம். நினைத்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளை மலைப்பக்கமே இறக்கிவிடலாம். சாலையைக் கடக்க வேண்டியதில்லை. நான்காம் நாள் களக்காட்டுச் சாலையில் தெற்கே போனபோதுதான் இதன் அருமை தெரிந்தது. மலை வலப்பக்கம், ஒவ்வொரு முறையும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டியிருந்தது. அடுத்த முறை அந்தச் சாலையை மட்டும் தலைகீழாகப் போகப் போகிறேன்: அதிகாலையில் நான்குவழிச் சாலையில் நேராகப் பணகுடி வரை இறங்கிவிட்டு, அங்கிருந்து ஏர்வாடி, திருக்குறுங்குடி, களக்காடு என்று வடக்கே ஏறி வருவது.

கடையத்தில் சிறிது நேரம் நின்றோம். பாரதியார் புதுச்சேரியை விட்டு வந்த பிறகு 1918 முதல் 1920 வரை இங்கேதான் இருந்தார், செல்லம்மாளின் ஊர். மகனின் பாடப்புத்தகத்தில் முண்டாசு கட்டிய படம் மட்டும் இருக்கிறது. இந்த மலையைப் பார்த்துக்கொண்டு அவர் நடந்திருப்பார் என்று சொன்னதும் சாலையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான். தென்காசியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, செங்கோட்டை தாண்டிப் பண்பொழித் திருமலைக் கோயிலுக்கு ஏறினோம். மேலே நின்றால் குளம் குளமாக, வயல் வயலாகக் கீழே ஒரு சீமையே விரிந்து கிடக்கும். குற்றாலத்தில் நிற்கவில்லை. தையில் அங்கே சாரல் கிடையாது. அதற்கு ஆனி, ஆடியில் வர வேண்டும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திகளுக்கும் அப்படித்தான், மாதம் தெரியாமல் தேடிப் போனால் வெறும் செம்மண்தான் இருக்கும்.

அன்றைக்குப் போய் வந்தது 120 கிலோமீட்டருக்குள்தான். வரைபடக் கணக்கில் மூன்று மணி நேரம். எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது, அதிலும் அவசரப்பட்டுத்தான் திரும்பினோம். பிள்ளைகளோடு, நின்று பார்த்துப் போகிற பயணத்துக்கு மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திட்டமிட்டால் கடைசி 40 கிலோமீட்டரை இருட்டில் ஓட்ட நேரும். கிராமத்துச் சாலையில் இருட்டில் மாடு தெரியாது, விளக்கில்லாத மாட்டுவண்டி தெரியாது.

மூன்றாம் நாள் பாபநாசம், காரையார். இதில் நான் சொல்ல வேண்டியது சோதனைச்சாவடியைப் பற்றித்தான். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் உள்ளே கொண்டுபோக முடியாது. எங்கள் வண்டியில் பிள்ளைகளின் தின்பண்டப் பொட்டலங்கள் மட்டும் ஒரு பை இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, தேடி, எடுத்து வைத்துவிட்டு நகர்வதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. மலையில் மிகவும் அருமையான முக்கால் மணி நேரம் அது. முந்தின இரவே தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் நிரப்பி, சோற்றை வாழையிலையில் கட்டி வைத்திருந்தால் திறந்ததும் முதல் வண்டியாகப் போயிருப்போம். இருந்தாலும் ஒரு வளைவில் மிளா மான் ஒன்று சாலையோரம் நின்றது. பெரிய உடம்பு, நனைந்த மயிர், காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. வண்டியை மெதுவாக விட்டேன், நிறுத்தவில்லை, ஒருவரும் பேசவில்லை. காட்டுச்சாலையில் நிறுத்துவதும் இறங்குவதும் குரங்குக்குத் தீனி போடுவதும் கூடாது. வனத்துறை சொல்வதற்காக மட்டும் சொல்லவில்லை. நின்றால் அந்த மிளா போய்விட்டிருக்கும்.

மாஞ்சோலைக்குப் போக நினைப்பவர்கள் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வண்டியையும் எல்லா நாளும் விட மாட்டார்கள், விதிகளும் மாறும். நாங்கள் மணிமுத்தாறு அணையோடு நிறுத்திக்கொண்டோம். அணைக்கரையில் நின்று நிரம்பிக் கிடந்த தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நான்காம் நாளைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். விடியலில் களக்காட்டுச் சாலை, வழி நெடுக ஏத்தன் வாழை. திருக்குறுங்குடியில் நம்பிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அங்கிருந்து நாங்குநேரி, பிறகு பறவைகள் சரணாலயமான கூந்தங்குளம். கூந்தங்குளத்துக்குப் போகிறவர்கள் குளத்துக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெருவுக்குள் நடக்க வேண்டும். அங்கே பறவைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கட்டுகின்றன. ஓர் ஓட்டு வீட்டின் மேல் சங்குவளை நாரை ஒன்று வாயில் சுள்ளியோடு தாழ்ந்து வந்து இறங்கியது. கூட்டில் இருந்தது அலகைப் படபடவென்று தட்டியது, இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுகிற மாதிரி. வந்தது சுள்ளியைச் செருகியது, சரியில்லை என்று எடுத்தது, வேறு இடத்தில் செருகியது. கீழே திண்ணையில் ஓர் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஓடும் திண்ணையும் எச்சத்தால் வெள்ளையாகக் கிடந்தன, மீன் வாடை அடித்தது. "இவ்வளவு அசுத்தம் பண்ணுகிறதே ஆச்சி" என்று மதினி கேட்டதற்கு, "அது நம்பி வந்திருக்கிறது, விரட்டவா முடியும்?" என்றார். அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 1994இல் அரசு சரணாலயம் என்று அறிவித்தது. ஊர்க்காரர்கள் காப்பாற்றத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் முந்தி. காரை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள், ஒலிப்பானைத் தொடாதீர்கள். தையில் கூடு கட்டுவதைப் பார்க்கலாம், குஞ்சுகளைப் பார்க்க இன்னும் சில வாரம் கழித்து வர வேண்டும்.

மதியத்துக்கு மேல் கிழக்கே திரும்பினோம். இட்டமொழி வந்ததும் மண் சிவக்கத் தொடங்கியது. தேரி என்கிற செம்மணல் மேடுகள். காலையில் பச்சையும் நீலமுமாகப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சிவப்பு நம்ப முடியாததாக இருந்தது. அதில் பனைமரங்கள் மட்டும் கறுப்பாக நின்றன. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்ததால் மணலின் ஒவ்வோர் அலையும் தெரிந்தது. இந்தப் பாதையைக் காலையில் எதிர்வெயிலில் ஓட்டியிருந்தால் இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். தேரியில் தாரை விட்டு ஒரு சக்கரத்தையும் இறக்காதீர்கள், மாவு மாதிரி உள்ளே வாங்கிவிடும். ஆடிக் காற்றில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், மணல் சாலைக்கே வந்துவிடும். பதநீர் கிடைக்கவில்லை, அதற்கு இன்னும் காலம் இருந்தது. திசையன்விளையில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு உவரிக் கடற்கரைக்குப் போனபோது ஐந்தரை மணி. பிள்ளைகளின் கால் தேரி மண்ணில் சிவந்திருந்தது, அலை வந்து கழுவியது. அங்கே கரையோடு நின்றுகொள்ள வேண்டும், இறங்கிக் குளிக்கிற கடல் இல்லை அது. அன்று இரவு தோப்புக்குத் திரும்பாமல் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் தங்கினோம். இருட்டில் அத்தனை தூரம் ஓட்டக் கூடாது என்பதற்காக முதலிலேயே அப்படி வைத்திருந்தோம்.

மறுநாள் கூடாரத்தைப் பிரிக்கத் திரும்பவும் கள்ளிடைக்குறிச்சிக்கு வந்தோம். இந்த முறை விடியலில் வந்தோம். முதல் நாள் பார்க்க முடியாமல் போன அதே பாதையில், மேலச்செவலிலிருந்தே மலை முழுசாக முன்னால் நின்றது. மதியம் வரை களத்தில் சாமான்களைக் காயவைத்துக் கட்டினோம். மூன்று மணிக்குக் கிழக்கே கிளம்பினோம், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு.

வழியில் பத்தமடையில் பாய் வாங்க ஒரு வீட்டில் நிறுத்தினேன். நெய்கிற அம்மா துணி மாதிரி மடிகிற பட்டுப்பாய் ஒன்றை எடுத்து விரித்தார். விரலால் தடவினால் கோரை என்றே தெரியவில்லை, அவ்வளவு மெல்லிசு. எதற்கு என்று கேட்டார். ஆடியில் மறுபடியும் வந்து களத்தில் கூடாரம் போட்டுப் படுக்க என்று சொன்னேன். பட்டுப்பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, முரட்டுக் கோரைப்பாய் இரண்டைக் கொண்டுவந்து போட்டார்.

"இதற்கு இதுதான் சரி. ஈரம் பட்டால் காயவைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் கறுத்துவிடும்."